யானையை அறியாத பிள்ளைகள்

சென்ற மழைக்காலத்தில் சேரம்பாடிப் பகுதியிலுள்ள ஒரு மக்தபில் பிள்ளைகளின் ஓதலைப் பார்வையிட்டு வருமாறு அழைத்திருந்தார்கள். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மலையூர் சேரம்பாடி. நாலாபுறமும் தேயிலை, தேயிலைக்கு அப்பால் காடு.

ஏழு வயதிருக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து ஃபீல் சூராவை ஓதினான். ஓர் எழுத்தும் பிசகவில்லை. மக்ரஜ் அத்தனை தெளிவு. மனம் குளிர்ந்து, "ஃபீல் என்றால் என்ன பொருள், கண்ணு?" என்று கேட்டேன். "யானை, ஹஜ்ரத்" என்றான். "யானை எப்படி இருக்கும்?" என்றேன். "நீலமா இருக்கும். பாட்டுப் பாடும். வாழைப்பழம் கொடுத்தா நம்மளோட ஃப்ரெண்டு ஆயிடும்" என்றான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல வாசம் வரும், ஹஜ்ரத்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்புறம் சத்தமே இருக்காது" என்றாள்.

அந்த மக்தபின் பின்புறத்தில் வாழைகள் சாய்ந்து கிடந்தன. இரண்டு இரவுகளுக்கு முன் வந்து போன யானையின் வேலை அது. அந்தச் சிறுவனும் இதே ஊர்க்காரன்தான். அவன் வீடும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. யானை நடமாடும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு யானை நீல நிறமானது எப்படி? தொழுகைக்குப் பின் அவனுடைய அத்தாவிடம் பேசினேன். அவர் மறைக்காமல் சொன்னார். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளையை வெளியே விட முடியாது, யானை பயம். உள்ளேயே இருக்கும் பிள்ளை சும்மா இருக்குமா? கைபேசியைக் கொடுத்தால்தான் அடங்குகிறது. வெளியே யானை நிற்கிறதென்று பிள்ளையை உள்ளே வைத்து அடைக்கிறோம். உள்ளே அவன் கையில் தரும் பொருளைத் திறந்தால் அங்கே ஆடிப்பாடி நிற்பதும் யானை! வெளியே நிற்பதைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் களைத்துப் போய்ப் படுத்துவிட்டார்கள்.

அன்பு வாசகர்களே! இதைச் சேரம்பாடியின் சேதி என்று மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்னையில் மாடி வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கடலும், திருச்சியில் வளரும் பிள்ளைக்குக் காவிரியும் திரையில் கண்டவைதாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு வீட்டுக்கு வரும் ஆட்டை முதுகில் ஏறிச் சவாரி செய்ய முயன்று, அது முட்டியதும் அலறி ஓடும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யானை பெரியது; ஆதலால் பிழையும் அங்கே பெரியதாகிவிடுகிறது.

எவ்வளவு பெரிது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2020 டிசம்பரில் கொளப்பள்ளி அருகே தந்தையும் மகனும் ஒரே யானையால் உயிரிழந்தார்கள். சங்கர் என்று அழைக்கப்பட்ட அந்த யானை மூன்று உயிர்களைக் கொன்றதாகக் கணக்கு. 2021 பிப்ரவரியில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி, கும்கி யானைகளின் துணையோடு அதைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டு போனார்கள். 2022 நவம்பரில் தேவாலாப் பகுதியில் மக்னா யானை ஒன்று வீட்டை இடித்ததில் ஒரு பெண்மணி மாண்டார். அரிசிக்காக வீடுகளை இடித்து வந்த யானை அது. டிசம்பரில் பிடித்துக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது சுல்தான் பத்தேரி நகர வீதியில் நின்றது. 2024 டிசம்பர் இறுதியில் சேரம்பாடி வட்டாரத்தில் 'புல்லட்' என்ற யானையைப் பிடித்து ஆனைமலைக்கு அனுப்பினார்கள். யானை மட்டுமன்று. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுப் பெண்குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அக்குழந்தையின் பெற்றோர் பிழைப்புக்காக வடக்கிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இப்படி ஒரு மண்ணில்தான் பிள்ளை நீல யானையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உடனே சிலர், "அதனால்தான் சொல்கிறோம் ஹஜ்ரத், படமே ஆகாது" என்பார்கள். படம் கூடுமா கூடாதா என்னும் மஸ்அலாவை இங்கே நான் எடுக்கவில்லை. அதற்கு இடம் வேறு. ஆனால் கற்பனையே பிள்ளைகளுக்குக் கேடு என்று மார்க்கத்தின் பெயரால் சொல்லாதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. ஒருநாள் காற்றில் திரை விலகியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவற்றைக் கண்டார்கள். நடுவே துணியாலான இரண்டு இறக்கைகள் வைத்த குதிரையொன்று இருந்தது. இது என்னவென்று கேட்டார்கள். குதிரை என்றார்கள் அன்னை. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் வியந்து கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே, தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும்படி அண்ணலார் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது.

பறக்கும் குதிரையை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அப்படியிருக்க, 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தார் காதுகளையே சிறகாக்கிப் பறக்கவிட்ட டம்போ என்னும் யானைக்குட்டியை மட்டும் நாம் ஏன் கடிந்துகொள்ள வேண்டும்? ஆனால் அந்த வீட்டில் நடந்ததை இன்னொரு முறை பாருங்கள். பொம்மையைப் பார்த்ததும் பெரியவர் ஒருவர் நின்றார், இது என்ன என்று கேட்டார், பதிலைச் செவிமடுத்தார், சேர்ந்து சிரித்தார். வாசலுக்கு வெளியே மெய்யான குதிரைகள் நின்றன. அவற்றுக்குத் தீனி வைத்தார்கள், ஏறிப் போனார்கள், அவற்றின் உதையும் தெரிந்திருந்தது. எது துணிக் குதிரை, எது உயிர்க் குதிரை என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் ஐயமில்லை. நம் வீட்டுப் பிள்ளையிடம், திரையில் ஓடுவதைப் பார்த்து, இது என்னடா என்று கேட்டு நின்றவர் யார்?

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய 'சக்திமான்' தொடர் நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். அந்த வீரனைப் பார்த்துப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே ஆபத்து தேடிக்கொள்வதாக அந்நாளில் பெருங்கூச்சல் எழுந்தது. அவற்றில் எது மெய், எது மிகை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தொடரின் முடிவில் அந்த நடிகரே தோன்றிப் பிள்ளைகளோடு பேசி நல்லது கெட்டது சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. பெற்றோர் செய்ய வேண்டிய வேலையை வேடம் போட்டவரே செய்ய வேண்டி வந்தது, பாருங்கள்! இன்றைய கைபேசிப் படங்களில் அதுவும் இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறுவயதில் நடந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்த நேரம். தாயார், ஒன்று தருகிறேன், வா என்று மகனை அழைத்தார். என்ன தருவதாக எண்ணினீர் என்று நாயகம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். எதுவும் கொடாமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள் ஏந்தல் நபி.

பிள்ளையை அருகே அழைப்பதற்காகச் சொல்லும் ஒரு வார்த்தையே கணக்கில் எழுதப்படும் என்றால், பழம் கொடுத்தால் யானை உன் சிநேகிதன் ஆகிவிடும் என்ற வார்த்தை எந்தக் கணக்கில் எழுதப்படும்? அதை நாம் சொல்லவில்லை, படம்தான் சொன்னது என்று தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் கதவைச் சாத்தி, கையில் கொடுத்து, அழாமல் பார் என்று உட்கார வைத்தவர்கள் நாமல்லவா? இறக்கை முளைத்த யானையால் தீங்கில்லை. எந்தப் பிள்ளையும் வானத்தைப் பார்த்து யானை வருகிறதா என்று தேடப்போவதில்லை. தோட்டத்துப் பாதையில் உண்மையாகவே எதிர்ப்படக்கூடிய யானையைப் பற்றிச் சொல்லப்படும் பொய்தான் பொல்லாதது.

பேசும் விலங்குகள் திருமறையிலும் வருகின்றனவே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம்ல் அத்தியாயத்தில் எறும்பொன்று பேசுகிறது. சுலைமான் (அலை) அவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைக்கிறார்கள். அந்த எறும்பு பேசியது என்ன? சுலைமானும் அவருடைய படையினரும் அறியாமல் நம்மை மிதித்துவிடக்கூடும். புற்றுகளுக்குள் போய்விடுங்கள் என்று தன் இனத்தை அது எச்சரிக்கிறது. அது எறும்பின் கவலை. எறும்புக்குக் காலடி எப்படித் தெரியுமோ அப்படிப் பேசுகிறது. ஹதீஸிலும் அப்படித்தான். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நாயகத்தைக் கண்டதும் கண்ணீர் விட்டது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறது என்று உடையவரை நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். அது ஒட்டகத்தின் பசி.

கார்ட்டூன் யானைக்குச் சொந்தப் பசி இல்லை. சொந்தப் பாதையும் இல்லை. யானைத் தோல் போர்த்திய ஒரு மனிதப் பிள்ளை அது. நம் பேச்சைப் பேசி, நம் பாட்டைப் பாடி, நம் பிரியத்துக்காகவே வாழ்கிறது. அல்லாஹ் படைத்த யானை அப்படியல்ல. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதற்காக நடந்தபடியே இருக்கும். மூத்த பெண் யானை முன்னே நடக்கக் கூட்டம் பின்னே செல்லும். பாட்டி போன பாதையில் பேத்தி போகும். அந்தப் பாதையின் குறுக்கே நாம் தேயிலை நட்டோம், வீடு கட்டினோம். 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்கு வாழ்வளிக்கத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை இந்த மலையில் அமைத்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களும் போக்கிடமின்றி வந்தவர்கள்தாம். எனினும் யானைக்கு ஒப்பந்தம் தெரியாது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அன்ஆம் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. சமுதாயம் என்றால் அதற்கு ஒழுங்குண்டு, தேவையுண்டு, கோபமும் உண்டு. சிநேகிதன் என்று கட்டிப்பிடிப்பதும், எதிரி என்று பட்டாசு கொளுத்தி விரட்டுவதும் இரண்டுமே அதை அறியாதவன் செய்யும் காரியங்கள்.

பெரியவர்களாகிய நாமும் இதே பள்ளியில் படித்தவர்கள்தாம். சின்னப்பா தேவர் தயாரித்த 'நல்ல நேரம்' 1972-இல் வெளிவந்தது. யானைகளும் எம்.ஜி.ஆரும் நடித்த அந்தப் படத்தை ஊர்ஊராகப் பார்த்து மகிழ்ந்தோம். பழக்கப்பட்ட யானைகள், பக்கத்திலேயே பாகர்கள். அவர்கள் படத்தில் தெரிவதில்லை. இது பழைய கதை. நம் மலையிலேயே, முதுமலை தெப்பக்காடு முகாமில், தாயற்ற குட்டிகளான ரகு, அம்மு இரண்டையும் பொம்மன், பெள்ளி தம்பதியர் வளர்த்த கதையைச் சொல்லும் ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. அது மெய்யான கதை, நமக்கும் பெருமை. இரவு பகல் கூடவே இருந்து, ஊட்டி, குளிப்பாட்டி வளர்த்தவர்களிடம் குட்டி ஒட்டிக்கொண்டது. ஆனால் கைபேசியில் துண்டு துண்டாகச் சுற்றுவது எது? கட்டிப்பிடிக்கும் நிமிடம் மட்டும்தான். பின்னாலிருந்த உழைப்பும், காட்டுநாயக்கக் குடியின் தலைமுறை அறிவும் அந்தத் துண்டில் இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த இளைஞன் சாலையோரம் யானை நிற்கக் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியை நீட்டிக்கொண்டு நெருங்கிப் போகிறான். மனிதர் வீட்டை இடித்த யானைக்கு 'அரிசி ராஜா' என்றும் 'புல்லட்' என்றும் சினிமாக் கதாநாயகனைப் போலப் பட்டம் சூட்டியவர்களும் நம்மவர்களே. வீடிழந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வருமா?

ஃபீல் சூராவை ஓதுகிற பிள்ளைக்கு அதன் கதையையாவது முழுதாகச் சொல்கிறோமா? ஏமனை ஆண்ட அப்ரஹா, கஅபாவை இடிக்க யானையோடு படை நடத்தி வந்தான். படையின் பெரிய யானைக்கு மஹ்மூது என்று பெயர் என்கின்றன வரலாற்று நூல்கள். மக்காவை நோக்கித் திருப்பினால் அது மண்டியிட்டுவிட்டது, அடித்தார்கள், குத்தினார்கள், அசையவில்லை. ஏமனை நோக்கித் திருப்பினால் எழுந்து நடந்தது. மனிதன் தவறிய இடத்தில் விலங்கு தவறவில்லை. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் கதை இது. அதில் யானை பாடவுமில்லை, பேசவுமில்லை. அன்று அந்த மக்தபில் இதைச் சொன்னபோது நீல யானைச் சிறுவன் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். பிறகு லைன் வீட்டுச் சிறுமியை எழுப்பி, அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். விளக்கில்லாமல் வாசல் திறக்கக் கூடாது, பலாப்பழத்தை வீட்டில் வைக்கக் கூடாது, வாசம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னாள். அவளுடைய பாட்டி சொல்லிக் கொடுத்ததாம். எந்தப் புத்தகத்திலிருந்து நான் இதைப் பாடம் நடத்தியிருக்க முடியும்?

ஆகவே வீட்டாருக்கு நான் சொல்வது இதுதான். கைபேசியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. எறிந்தாலும் மறுநாள் திரும்ப வாங்குவீர்கள். பிள்ளை பார்க்கும்போது அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். இது என்ன என்று நாயகம் கேட்டதைப் போலக் கேளுங்கள். நம் தோட்டத்து யானை இப்படியா என்று பேச்சை எடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் கைபேசிக்கு முன்பாக அவரிடம் பிள்ளையை அனுப்புங்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றைய தலையங்கத்தை எழுதத் தூண்டியதே அதுதான். மலைப்பகுதிகளில் பல மக்தபுகள் சுப்ஹு தொழுகை முடிந்த கையோடு, விடிந்தும் விடியாத நேரத்தில் தொடங்குகின்றன. சில, மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நடக்கின்றன. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியாத பாதையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். குர்ஆன் ஓதப் போகிற பிள்ளையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்கிறார்கள் சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். மழையும் சேறுமான ஒரு நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு முஅத்தினுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் இப்படிச் செய்ததுண்டு என்றார்கள். சேற்றுக்காக ஜமாஅத்துத் தொழுகைக்கே சலுகை உண்டென்றால், யானைக்காக மக்தபின் மணியை மாற்றக் கூடாதா? அந்தி இருள் கவியும் வேளையில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தி வைக்கச் சொன்ன நபிமொழியும் நம்மிடம் இருக்கிறது.

வால்பாறையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. யானைக்கூட்டம் நிற்குமிடத்தை உள்ளூர்க் கேபிள் டி.வி.யில் மாலைதோறும் எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011 முதல் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார்கள். பாதைகளில் சிவப்பு விளக்குகளும் வைத்தார்கள். பிள்ளைக்குப் பொய் யானையைக் காட்டும் அதே திரை, மெய் யானை நிற்குமிடத்தைச் சொல்லவும் உதவிற்று. சேரம்பாடி, அய்யன்கொல்லி, எருமாடு, பாட்டவயல் பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி இருக்கிறது. வனக்காவலரிடம் கேட்டறிந்து, இஷாவுக்குப் பின் இரண்டே வரியில் அறிவித்தால் எல்லாச் சமயத்தாருக்கும் பயன்படும். புற்றுக்குள் போங்கள் என்று தன் இனத்தைக் கூவி எச்சரித்த எறும்பும் அதைத்தானே செய்தது?

மக்தப் நேரத்தை நன்கு விடிந்த பிறகு எட்டு மணிக்கோ, பள்ளிக்கூடம் விட்டபின் அஸருக்கு முன்போ வைத்துக்கொள்ளலாம். இரண்டு உஸ்தாதுகளும் முத்தவல்லியும் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்தால் அரைமணி நேரத்தில் தீரக்கூடிய காரியம். பலா பழுக்கத் தொடங்கிவிட்டால் யானை தினமும் வரும். அதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.